கட்டத்தில் இல்லாத சாப்பாடு

நான் வேலை பார்த்த பயிற்சி மையத்தின் உணவுக்கூடத்தில் இந்த மாதம் முதல் மேசைக்கு ஒரு தொடுதிரை டேப் வைக்கப்போகிறார்கள். சாப்பிட வருகிறவர் தன் உணவு வகைக்குரிய படத்தை அதில் தொட வேண்டும். பதினாறு வகைகள், பதினாறு படங்கள். எனக்குப் பிறகு அங்கே மேற்பார்வையாளராக வந்திருக்கும் பிரேமா தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, பெஸ்கிடேரியன்னு ஒண்ணு இருக்கு, மீன் படம். பக்கத்துல வீகன், இலைப் படம். அதுக்கு அடுத்ததும் இலைதான், ஆனா கொஞ்சம் வெளிறிப்போன இலை. அது என்னன்னு எனக்கே இன்னும் பிடிபடல. இந்தப் பேரெல்லாம் வேணுமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா வந்தவங்களுக்கு வாசிச்சுக் காட்டுதேன்."

வேண்டும் என்பதுதான் என் பதில். பெயர்கள் வேலையைச் சுருக்குகின்றன, நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் ஒரு பெயரைக் கேட்டவுடன் சாப்பிடுகிறவரோடு பேசுவதை நிறுத்திவிட்டால் அந்தப் பெயரே சங்கடத்தைக் கொண்டுவரும். இதை நான் எங்கும் படிக்கவில்லை. மாசானம் என்ற எங்கள் சமையல்காரருக்கு வேலை போகவிருந்த ஒரு வாரத்தில் கண்ணால் பார்த்தேன். அதைச் சொன்னால் பிரேமாவுக்கு வேண்டிய பதில் அதிலேயே இருக்கும்.

நான் தொழில் பழகியது புளியறையில். சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. லாரி ஓட்டுநர்கள்தான் வாடிக்கையாளர்கள். அங்கே சைவம், அசைவம் என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் புழங்கவில்லை. அந்த இரண்டும்கூட அதிகம் தேவைப்படவில்லை. வருகிறவர் உட்கார்ந்ததும் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். "மீன் வேண்டாம், சாறு மட்டும் ஊத்து" என்பார் கொல்லத்துக்காரர். துண்டு உள்ளே போகாது, குழம்பு போகும். அவருக்கு என்ன பெயர் வைப்பது? இன்னொருவர் வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டார். சனிக்கிழமை விடிந்ததும் ஈரல் கேட்பார். கார்த்திகை பிறந்துவிட்டால் கறுப்பு வேட்டியைப் பார்த்தவுடன் யாரும் எதுவும் கேட்கமாட்டோம். "சாமிக்கு இலை போடு" என்று ஒரு குரல் போகும். அடுப்படியில் தனிப் பாத்திரம் இறங்கும். மாலை போட்டவருக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஒரு சொல் அவ்வளவு வேலை செய்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் அங்கேதான் பழகினேன். எங்கள் பக்கம் "நீங்க சைவமா?" என்று ஒருவரைக் கேட்டால், சாப்பாட்டை மட்டும் கேட்டதாக அவர் எடுத்துக்கொள்ளமாட்டார். நீங்கள் என்ன ஆட்கள் என்று விசாரிப்பதாகவும் அது காதில் விழும். அதனால் முகம் சுருங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே "நீங்க யாரு" என்கிற தொனி வராமல், "என்ன வைக்கட்டும், என்ன வேண்டாம்" என்று கேட்பதே என் வழக்கமாகிவிட்டது.

பிறகு குற்றாலத்துக்கு வந்தேன். ஐந்தருவி போகும் சாலையில் அந்தப் பயிற்சி மையம் இருக்கிறது. பல ஊர்களிலிருந்தும் பல நிறுவனங்களிலிருந்தும் ஆட்கள் இரண்டு வாரம், மூன்று வாரம் தங்கிப் படிப்பார்கள். மூன்று வேளையும் எங்கள் கூடத்தில்தான் சாப்பாடு. சாரல் காலத்தில் விடியற்காலையே அருவியில் நின்றுவிட்டு, தலையைத் துவட்டக்கூட நேரமில்லாமல் பசியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அந்தப் பசிக்கு முன்னால் எந்த முறையும் குலையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

முறை இதுதான். சைவ உணவு எல்லாம் வாசலை ஒட்டிய மேடையில். கறி வகைகள் எதிர்ச் சுவரோரம், தனி மேடையில். அங்கே உள்ள கரண்டி இங்கே வராது. இங்கே உள்ள துணி அங்கே போகாது. கறி பரிமாறுகிறவர் அன்றைக்கு வேறு எதையும் தொடமாட்டார். பந்தி தொடங்குவதற்கு முன் நான் ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியையும் திறந்து, உள்ளே இருப்பது பலகையில் எழுதியதுதானா என்று பார்ப்பேன். பலகையில் "வெஜ் குருமா" என்று இருந்து, பாத்திரத்தில் தயிர் ஊற்றிய குருமா இருந்தால் பலகையைத் திருத்துவேன். பால் சேர்ந்ததா என்று யாராவது கேட்கும் வரை காத்திருப்பது எனக்குப் பிடிக்காது.

அனிதா மேடம் மேலாளராக வந்த பிறகு இந்த முறை இன்னும் இறுகியது. செங்கோட்டைப் பெண். பெங்களூரில் ஓட்டல் மேலாண்மை படித்து, அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர்ப் பக்கம் திரும்பியவர். என்னைவிட இருபது வயது இளையவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "சரி" என்ற சொல்லை இரண்டு தடவை சொல்வார். ஒரு "சரி" என்றால் சம்மதம். "சரி, சரி" என்றால் நாம் அறையை விட்டு வெளியே போய்விடலாம். நாங்கள் எதைச் சொன்னாலும் "எதை வச்சுச் சொல்லுதீங்க?" என்று ஒரு கேள்வி வரும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மீந்து கிடப்பதைத் தட்டில் போட்டு நின்றுகொண்டே சாப்பிடுவார். "தீர்ந்துபோன பாத்திரம் என்ன சொல்லுதுன்னு பார்க்க இதுதான் நேரம்" என்பார்.

உணவு வகைப் பெயர்களைக் கொண்டுவந்தவர் அவர்தான். பயிற்சிக்கு வருகிறவர் நிரப்பும் படிவத்தில் ஒன்பது கட்டங்கள்: வெஜ், நான்வெஜ், எக்கிடேரியன், வீகன், ஜெயின், கீட்டோ, பேலியோ, க்ளூட்டன் ஃப்ரீ, மற்றவை. எக்கிடேரியன் என்றால் முட்டை வரை சாப்பிடுகிறவர், க்ளூட்டன் ஃப்ரீ என்றால் கோதுமை ஆகாதவர். அந்தக் கட்டத்துக்குரிய நிறத்தில் ஒரு பட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஒட்டப்படும். நிறத்தைப் பார்த்துப் பரிமாற வேண்டும்.

அடுப்படியில் இதை யாரும் ரசிக்கவில்லை. மாசானம் ஒவ்வொரு பெயராக என்னிடம் விளக்கம் கேட்டார். வீகன் என்றால் பால் இல்லை, தயிர் இல்லை, மோர் இல்லை, நெய் இல்லை, தேனும் இல்லை என்றேன்.

"முட்டை?"

"கிடையாது."

"நெய்யும் இல்லாம, மோரும் இல்லாம, அந்த மனுசன் எதுக்கு அண்ணாச்சி குத்தாலத்துக்கு வாராரு? வீட்டுலயே பட்டினி கெடக்கலாம்லா?"

ஆனால் அந்தப் பெயர்கள் பயன்பட்டன என்பதை நான் மறைக்கமாட்டேன். மேடம் வருவதற்கு முன்பு ஒரு ஜெயின் பயிற்சியாளர் வந்திருந்தார். அவரைச் சைவம் என்று எண்ணி உருளைக்கிழங்கு மசாலா, முள்ளங்கிச் சாம்பார், வெங்காயச் சட்னி என்று வைத்திருக்கிறார்கள். மனிதர் குறை எதுவும் சொல்லாமல் இரண்டு நாள் தயிர்ச்சோற்றை மட்டும் சாப்பிட்டிருக்கிறார். மேடம் வந்து, மண்ணுக்குள் விளைவது எதுவும் ஜெயின் தட்டுக்குப் போகாது என்று ஒரே தடவை சொன்னார். அதற்குப் பிறகு மாசானம் ஒரு நாளும் தவறவில்லை. அந்த நிறப் பட்டையோடு யார் வந்தாலும் "மண்ணுக்கு மேல சார் வந்துட்டாரு" என்று உள்ளே குரல் கொடுப்பார். அவித்த வாழைக்காய்ப் பொரியல் தனியாக வெளியே வரும்.

பெயர் காலை வாரிய இடங்களும் உண்டு. ஒரே பயிற்சி அணியில் இரண்டு பேர் பேலியோ, அதாவது ஆதிமனிதர் உணவு, என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் பனீர் இல்லாமல் சாப்பிடமாட்டார். மற்றவர் பனீரைப் பார்த்தால் தட்டை நகர்த்துவார். இருவருமே தான் சாப்பிடுவதுதான் சரியான பேலியோ என்று வாதாடினார்கள். கீட்டோ என்று பட்டை ஒட்டியிருந்த ஒருவர் சோற்றைக் கண்டால் மூன்று அடி தள்ளி நிற்பார். ஞாயிற்றுக்கிழமை பிரானூர்ப் பக்கம் ஒரு கடையில் அவர் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் எதிர்பாராமல் பார்த்துவிட்டேன். "சண்டே கணக்குல வராது அண்ணாச்சி" என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. திங்கட்கிழமை அவருக்கு என்ன வைப்பது என்பது எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இப்படி எல்லாம் ஓரளவு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சாகுல் ஹமீது வந்தார். கடையநல்லூர்க்காரர். நெசவுக் குடும்பம். துபாயில் பல வருடம் கிடங்கு பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். மூன்று வாரப் பயிற்சி. அட்டையில் பச்சைப் பட்டை: வெஜ். மேசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சாம்பார், பொரியல், ரசம், மோர் என்று ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கொண்டுபோய் வைப்பார். குறை ஒன்றும் சொன்னதில்லை.

முதல் புதன்கிழமை கோழி வறுவல். காலையில் மாசானம் அச்சடித்த பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. சாகுல் ஹமீதுன்னு பேரு. வெஜ்-னு அடிச்சிருக்கு. ஆபீஸ்ல யாரோ தூங்கிக்கிட்டே அடிச்சிருக்காங்க."

"அவரு எழுதுனதாத்தான் இருக்கும்லே. கேட்டா குடு. கேக்கலைன்னா விடு."

"பாய் எப்படி வாயைத் தொறந்து கேப்பாரு? மூணு நாளா அவருக்குச் சாம்பாரை ஊத்திக்கிட்டு இருக்கோம். பாவம்லா?"

"நீ அடுப்பைப் பாரு" என்று சொல்லிவிட்டு, காய்கறி வண்டி வந்ததால் நான் பின்வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கூடம் சத்தமில்லாமல் இருந்தது. நடந்ததைப் பரிமாறியவர்கள் சொன்னார்கள்.

பந்தி நடுவில் மாசானம் அடுப்படியிலிருந்து வெளியே வந்திருக்கிறார். ஒரு தனித் தட்டு நிறைய வறுவல். நல்ல துண்டுகளாகப் பார்த்து எடுத்துக் கறிவேப்பிலை தூவி, சாகுல் ஹமீதின் முன்னால் வைத்திருக்கிறார். "பாய், ஆபீஸ்ல உங்களுக்குத் தப்பா வெஜ்-னு அடிச்சிட்டாங்க. நாங்க கவனிக்கல. சங்கடப்படாம சாப்பிடுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார்.

எதிரே உட்கார்ந்திருந்த சேலத்துக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "என்ன ஜி, டாக்டர் கறியே தொடக்கூடாதுன்னு சொன்னதா சொன்னீங்க? அதுக்குள்ள டாக்டர் மாறிட்டாரா?"

மேசை முழுக்கச் சிரிப்பு. சாகுல் ஹமீது தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "நான் வெஜ்-னுதான் எழுதியிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கை கழுவாமல் வெளியே போய்விட்டார். மாலையில் மையத்தின் செயலியில் புகார் பதிவாகியிருந்தது: நான் தெரிவித்த உணவு வகையை மீறி, எல்லோர் முன்னிலையிலும் எனக்குக் கறி வைக்கப்பட்டது.

சமையல்காரர்கள் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். உணவு வகையை மீறிப் பரிமாறியதாகப் புகார் வந்து, அது உண்மை என்று மேலாளர் குறித்துவிட்டால் அந்தச் சமையல்காரர் மாற்றப்படுவார். அதுதான் விதி. மாற்றப்படுவது என்றால் எங்கள் பக்கம் வேறு இடம் கிடைப்பது என்று பொருளல்ல. வீட்டுக்குப் போவது என்றுதான் பொருள்.

மேடம் என்னை அழைத்து முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் "சரி, சரி" என்றார். நான் அறையை விட்டு வெளியே போகவில்லை.

"மேடம், அவன் கெட்ட எண்ணத்துல செய்யல. ஒருத்தர் பசியா இருக்காருன்னு நினைச்சுச் செஞ்சிட்டான்."

"எதை வச்சு நினைச்சாரு அண்ணாச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"பேரை வச்சுத்தானே? அந்த மனுசர் தன் கையால எழுதிக் குடுத்தது ஒண்ணு. இவரு மனசுல ஒட்டுன சீட்டு ஒண்ணு. இவரு எதை நம்புனாரு? இன்னைக்குக் கோழி. நாளைக்கு ஒருத்தருக்கு வேர்க்கடலை ஆகாது, தொண்டை அடைச்சுக்கும். அப்பவும் 'பார்த்தா நல்லாத்தானே இருக்காரு'ன்னு இவரு சட்னியை ஊத்துனா? இப்படிப்பட்ட ஆளை நான் எப்படி அடுப்பில வச்சிருக்கது?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. புதுப் பெயர்களைப் பார்த்து அடுப்படி சிரித்தது. ஆனால் ஆளின் பெயரைப் பார்த்தே அவன் சாப்பாட்டை முடிவு செய்வது அதைவிடப் பழைய வழக்கம், அதைவிட மோசமானதும்கூட. என்னுடைய புளியறைப் பழக்கத்துக்கும் அது பொருந்தவில்லை. வெள்ளிக்கிழமை மேடம் மாசானம், சாகுல் ஹமீது, நான் என மூவரையும் கூப்பிட்டுப் பேசி முடிவெடுப்பதாகச் சொன்னார்.

மாசானம் ஏற்கனவே துலக்கிய அண்டாவை மறுபடியும் துலக்கிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, குறைச்சு வச்சதுக்கு வேலை போகும், கேள்விப்பட்டிருக்கேன். கூடுதலா வச்சதுக்கு வேலை போச்சுன்னா என் வீட்டுக்காரி நம்பமாட்டா. வேற என்னமோ செஞ்சுட்டு வந்து பொய் சொல்லுதேன்னு நினைப்பா."

"நீ செஞ்சதும் சின்னக் காரியம் இல்லலே" என்றேன். "நாலு பேரு முன்னால அவரு சொன்னதைப் பொய்யாக்கிட்ட."

"கறி பொய்யாக்குமா?"

"கறி இல்ல. நீ பேசுன பேச்சு."

மறுநாள் வகுப்பு முடிந்ததும் சாகுல் ஹமீதைத் தேடிப் போனேன். ஐந்தருவிச் சாலையோரக் கடையில் பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்கப்போகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அதைக் கேட்கவில்லை. கூடத்தின் பொறுப்பாளன் என்ற முறையில் வருத்தம் தெரிவிக்க வந்தேன் என்றேன். எனக்கும் ஒரு சாயா சொன்னார்.

சாயா வந்ததும் அவரே பேசினார். "அந்தச் சமையல்காரர் 'சங்கடப்படாம சாப்பிடுங்க'ன்னார் அண்ணாச்சி. அவரு அதைச் சொல்லுத வரைக்கும் எனக்கு ஒரு சங்கடமும் இல்ல."

"அவன் பேசியிருக்கக் கூடாது."

"நான் கறி சாப்பிடுதவன்தான்" என்றார். "வீட்டுல வாரம் மூணு நாள் கறி இல்லாம இருக்காது. துபாயில இருந்த வரைக்கும் எந்தக் கடையில அறுத்தது, ஹலாலான்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. கேக்கவே தேவை வரல. இங்கன முதல் நாள் ஃபாரம் குடுத்தாங்க. ஒன்பது கட்டம். கீட்டோ இருக்கு, பேலியோ இருக்கு, ஹலால் இல்ல. மற்றவைன்னு ஒரு கட்டம் இருந்தது. ஆனா நிரப்பினதை ஃபாரம் வாங்குன தம்பி ஒவ்வொண்ணா சத்தமா வாசிச்சுச் சரிபார்த்தான். என் பேரை வாசிச்சு, ஹலால்னும் வாசிச்சா, வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஒருத்தன் நல்ல மனசோட சந்தேகம் கேப்பான், இன்னொருத்தன் கிண்டலாக் கேப்பான். மூணு வாரம் அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும். வெஜ்-னா யாரும் திரும்ப மாட்டாங்க. அதான் போட்டேன். அதுக்கு மேல டாக்டர் கதை வேற."

என் தொழிலில் அத்தனை வருடம் இருந்தும் இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஒரு பெயர் நம் தேவையைச் சொல்வதற்குத்தான் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். தேவையைச் சொல்லாமல் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகவும் அது உதவுகிறது. அவருக்கு அந்தப் பச்சைப் பட்டை மூன்று நாள் நன்றாகவே உதவியது. மாசானம் அதைத்தான் பிடுங்கினார்.

"பாய், நம்ம மையத்துக்குக் கறி வாரது தென்காசியில உங்க ஆட்கள் கடையிலிருந்துதான். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லயிருந்து அதே கடை" என்றேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நிசமாவா?"

"காலையில மாசானம்தான் போய் வாங்கிட்டு வருவான். கடைக்காரரு பேரு, அவரு மக கல்யாணம், எல்லாம் அவனுக்குத் தெரியும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மூணு நாளும் முருங்கைக்காயைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டேனே."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்போம்."

"கேக்க விடுத மாதிரியா உங்க ஃபாரம் இருக்கு?" என்றார். மாசானத்துக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்டபோது விதியைச் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவர் காசு கொடுத்துவிட்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை மேடத்தின் அறையில் மாசானம் நின்றுகொண்டிருந்தார். சாகுல் ஹமீதும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும் சார்" என்றார் மேடம். "நீங்க வெஜ்ஜா, இல்லையா?"

வெஜ் என்று சொல்லிவிட்டால் சாகுல் ஹமீதுக்கு அத்தோடு வேலை முடிந்தது. அவர் எழுதியது எழுதியபடி நிற்கும், ஒரு கேள்வியும் வராது. மாசானம் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இல்லை என்று சொன்னால், மறைத்து வைத்ததை ஒரு மேலாளர் முன்னால் விளக்க வேண்டும். அவர் மாசானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மேடத்திடம் சொன்னார்.

"இல்ல மேடம். கறி எங்க வாங்குனதுன்னு தெரிஞ்சா சாப்பிடுவேன். தெரியலைன்னா சாப்பிட மாட்டேன். உங்க ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

மேடம் பேனாவை எடுத்தார். "அப்ப உங்களை ஃப்ளெக்சிடேரியன்னு மாத்திக்கட்டுமா?" எப்போதாவது மட்டும் கறி சாப்பிடுகிறவருக்கு அப்படி ஒரு பெயர். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

"எனக்குப் புதுசா ஒரு பேரு வேண்டாம் மேடம். இவரு கடை எதுன்னு சொன்னா போதும்."

மாசானம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் அதைத்தானே பாய் முதல்ல சொல்லியிருக்கணும். வேற என்னென்னமோ சொல்லிட்டேன்."

"ஆமா" என்றார் சாகுல் ஹமீது. "எல்லாத்தையும் சொன்னீங்க, அதை மட்டும் சொல்லல."

மேடம் ஒரே ஒரு "சரி" சொன்னார். பிறகு தன் முடிவைச் சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் கறி வைத்துப் பேசியது தவறு. அதனால் இந்த அணி முடியும் வரை மாசானம் பரிமாறும் பக்கம் வரக்கூடாது, சாப்பிடுகிறவர்களிடம் பேசவும் கூடாது. ஆனால் புகார் கொடுத்தவரே தான் வெஜ் இல்லை என்று சொல்லிவிட்டதால், உணவு வகையை மீறியதாகக் குறித்து ஒப்பந்தக்காரருக்கு அனுப்பப்போவதில்லை. வேலை போகாது. படிவத்தை இனி யாரும் சத்தமாக வாசிக்கக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாசானம் கும்பிட்டபோது மேடம், "எனக்கு வேண்டாம், அவருக்குச் சொல்லுங்க" என்று சாகுல் ஹமீது பக்கம் கையைக் காட்டினார்.

பிரேமா கேட்ட கேள்விக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஜெயின், சாமி போன்ற பெயர்கள் வேலை செய்கின்றன; சொல்கிறவருக்கும் சமைக்கிறவருக்கும் அவற்றின் பொருள் ஒன்றாக இருக்கிறது. பேலியோ போன்றவற்றுக்கு ஆளாளுக்கு ஒரு பொருள். அங்கே பெயரைக் குறித்துக்கொண்டு, பாலா, பயறா, எண்ணெயா என்று சாமான்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். சிலருடைய சாப்பாட்டுக்குப் பதினாறு படங்களிலும் இடம் இருக்காது. அவர்கள் அருகில் உள்ள ஏதோ ஒரு படத்தைத் தொட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் துருவக் கூடாது. அவர்களுக்குப் பதிலாக நாமே முடிவெடுக்கவும் கூடாது. நம் பாத்திரத்தில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பதை நாம் முதலில் சொல்லிவிட வேண்டும். தன்னைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லாமலே வேண்டியதை எடுத்துக்கொள்ள அது வழிவிடும். டேப்பிலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்கச் சொல்லிப் பிரேமா கேட்கலாம்.

அடுத்த புதன்கிழமையும் கோழிதான். நான் கறி மேடை அருகே நின்றிருந்தேன். அடுப்படியையும் கூடத்தையும் பிரிக்கும் திறப்பு வழியாக மாசானத்தின் தலை தெரிந்தது. விதிப்படி உள்ளேயே நின்றார். மேடம் வழக்கம்போல மூலையில் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் பட்டை ஒட்டிய அட்டையோடு சாகுல் ஹமீது சைவ மேடையைத் தாண்டி நேராக இந்தப் பக்கம் வந்தார். பின்னாலேயே அந்தச் சேலத்துக்காரர்.

சாகுல் ஹமீது தட்டை நீட்டவில்லை. திறப்பில் தெரிந்த மாசானத்தைப் பார்த்து, கூடத்துக்கே கேட்கும் குரலில் கேட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்குக் கோழி எந்தக் கடை?"

மாசானம் வாயைத் திறக்கப்போய் மூடிக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையை அசைத்தார்.

"எப்பவும் வாங்குத கடைதான் பாய். தென்காசியில. ஹலால்தான். காலையில நானே நின்னு வாங்கியாந்தேன்."

"அப்ப வைங்க" என்று சாகுல் ஹமீது தட்டை நீட்டினார்.

"என்ன ஜி" என்றார் சேலத்துக்காரர், "டாக்டர் நிசமாவே மாறிட்டாரா?"

"டாக்டரே கிடையாது ஜி. கடை தெரியாம இருந்துச்சு, இப்பத் தெரிஞ்சிருச்சு."

சேலத்துக்காரர் சிரித்துவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று தன் தட்டையும் நீட்டினார். நான் வரிசையைப் பார்த்தேன். சைவ மேடையருகே பச்சைப் பட்டையோடு நின்றிருந்தவர்களில் ஒரு பெண் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்தவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர், வேறு ஊர்க்காரர். பிறகு மூன்றாவதாக ஒருவர். தட்டை மட்டும் நீட்டினார்கள்.

மேடம் மூலையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கோழி பத்துமா?"

பத்தவில்லை. கடைசியில் வந்தவர்களுக்கு மாசானம் முட்டை பொரித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் பலகையில் கோழி வறுவல் என்ற வரிக்குக் கீழே எங்கே வாங்கியது என்பதையும் எழுதிவைத்தேன். இரண்டு கிலோ கூடுதலாகவும் வாங்கச் சொன்னேன்.